சத்தமில்லாத பம்ப்

மார்ச் 18, செவ்வாய்

வெள்ளை செடான் ஒன்று பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவள் நிரஞ்சனா. முப்பது வயதுக்குள் இருக்கும். பீளமேட்டில் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனிக்காரர் வீட்டுப் பெண், அங்கேயே இன்ஜினியர். மே கடைசி ஞாயிறு செட்டிபாளையம் ட்ராக்கில் நேரப் போட்டி. ஒவ்வொருவராக ஓட்டி, யாருடைய சுற்று வேகமானது என்று பார்ப்பார்கள். அதில் ஓட்டப் போகிறாள்.

பெரிய டர்போவை வேறெங்கோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். டர்போ உள்ளே தள்ளுகிற காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வேண்டும். டாங்குக்குள் இருக்கும் பழைய பம்ப்புக்கு அந்தத் தெம்பு இல்லை. இன்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் வண்டி திணறுகிறது.

"பம்ப் ஊர்லயே பொறந்து, ஒரு பம்ப்புக்கு உங்ககிட்ட வந்து நிக்கறேனுங்ணா," என்றாள்.

இம்தியாஸ் சிரித்தான். அவள் இன்னும் ஏதோ கேட்டாள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்ததால் என் காதில் சரியாக விழவில்லை. அவன்தான் பதில் சொன்னான். வேலைக்கு வந்தவன், இப்போது பார்ட்னர். வாடிக்கையாளரிடம் என்னைவிட நன்றாகப் பேசுவான்.

மார்ச் 20, வியாழன்

பம்ப் விஷயம். மூன்றில் ஒன்றைப் போடலாம். முதலாவது, பழைய அளவை ஒட்டியே வரும் கொஞ்சம் பெரிய பம்ப். சத்தம் இருக்காது, ஆனால் இந்த டர்போவுக்குப் பற்றாது. இரண்டாவது, மணிக்கு இருநூற்றைம்பத்தைந்து லிட்டர் தள்ளுவது. உலகம் முழுக்கப் போடுகிறார்கள், அதனால் போலியும் அதில்தான் அதிகம். மூன்றாவது முந்நூற்று நாற்பது லிட்டர் பம்ப். அதைப் போட்டால் வயர் மாற்ற வேண்டும், அதற்கு மின்சாரம் தரும் ரிலே தனியாக வைக்க வேண்டும், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் தாங்க வேண்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். அது அழுத்தமே இல்லாமல் அளந்த கணக்கு. டர்போ வேலை செய்யும்போது அழுத்தம் ஏற ஏற, பம்ப் தள்ளுகிற அளவு குறைந்துகொண்டே வரும். இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்திருக்கிறது. அதற்கும் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டும்.

இம்தியாஸ் இரண்டாவது போதும் என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெங்களூரில் பம்ப் விற்கும் ஆளிடம் சொல்லியாயிற்று.

நிரஞ்சனா செவ்வாய்க்கிழமை போகும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். "தினமும் ஆபீஸுக்கும் இதுலதான் போறேன். சத்தம் போடாத பம்ப்பா பாருங்ணா."

மார்ச் 23, ஞாயிறு

டிவி சத்தத்தைப் பற்றி என் மனைவி சுகந்தி மறுபடியும் ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்களாம். அவள்தான் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். வங்கியில் நாள் முழுக்க ஆட்களோடு பேசிக் களைத்து வருகிறாள், வீட்டில் வார்த்தையைக் கடித்து விழுங்குகிறாள்.

மதியம் மீன். துணி இஸ்திரி போட்டுத் தந்தேன்.

மார்ச் 29, சனி

பம்ப் வந்தது. பெட்டி, சீல், ஸ்டிக்கர் எல்லாம் ஒழுங்காக இருந்தது. டாங்கை இறக்கி மாட்டினோம். வாளியில் தள்ளவிட்டுப் பார்த்ததில் அளவு சரியாக வந்தது. அழுத்தத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று இம்தியாஸ் கேட்டான். அதற்கான இணைப்பு கைவசம் இல்லை. டைனோவில் தெரிந்துவிடும் என்றேன்.

டைனோ என்பது வண்டியின் சக்கரங்களை உருளைகள் மேல் ஓடவிட்டு இன்ஜினின் பலத்தை அளக்கும் மேடை. இந்த ஊரில் டைனோ வைத்திருக்கும் பட்டறைகள் வேறும் உண்டு. என்னிடம் வருகிறவர்கள் டைனோவுக்காக வருவதில்லை. இன்ஜின் பிளாக்கில் ஒரு செம்புக் குழாயைத் திருகி, மறுமுனையை ஹெட்போனில் செருகிக்கொண்டு கேட்பேன். உள்ளே பெட்ரோல் எரிவதற்குப் பதிலாகப் படாரென்று வெடித்தால், சின்ன ஆணியால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நாக்கிங் என்போம். அது நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். கருவி காட்டுவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுவேன். வரதன் காது என்று ஒரு பேச்சு இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

டைனோவில் வண்டியை ஏற்றினோம். பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் சென்சரை மாட்டிவிடலாம் என்றான் இம்தியாஸ். அரை நாள் வேலை. காது போதும் என்றேன்.

மூன்று ஓட்டம் சுத்தமாகப் போயிற்று. நான்காவதில் ஆறாயிரத்தைத் தாண்டும்போது திரையில் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் குறைவதைப் பார்த்தேன். ஹெட்போனில் ஒன்றும் இல்லை, சீரான இரைச்சல்தான். ஆக்ஸிலரேட்டரை விடாமல் மிதித்துப் பிடித்தேன்.

கதவோரம் நின்றிருந்த இம்தியாஸ் ஓடி வந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"தட்டுதுங்ணா! எப்படித் தட்டுது!"

பிளக்கைக் கழற்றினோம். வெள்ளைப் பீங்கான் மேல் மினுமினுப்பான பொடி. பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்ததில் பிஸ்டன் முழுசாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு ஓட்டம் ஓட்டியிருந்தால் இருந்திருக்காது.

செம்புக் குழாயில் திருகு தளர்ந்திருக்க வேண்டும். பரிசோதித்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. ஹெட்போனின் நுரை பழசாகிவிட்டது. புதுசு வாங்க வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

பம்ப்பை அறுத்துப் பார்த்தோம். போலி. உள்ளே இருந்த மோட்டார் வேறு ஏதோ சின்ன வண்டிக்கு உரியது. அழுத்தம் ஏறியதும் படுத்துவிட்டது. நிரஞ்சனாவைக் கூப்பிட்டு இரண்டு துண்டையும் காட்டினேன்.

"நல்ல வேளைங்ணா, நீங்க கேட்டுட்டீங்க," என்றாள்.

இம்தியாஸ் கை துடைக்கும் துணியை மடித்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பம்ப் போலி என்பது உண்மைதானே.

ஏப்ரல் 9, புதன்

ஹெட்போன் நுரை மாற்றினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இந்த முறை முந்நூற்று நாற்பது. சென்னையில் நேரடியாக இறக்குமதி செய்கிறவரிடம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் பெட்ரோல் பற்றவில்லை என்ற பேச்சே வரக்கூடாது.

இம்தியாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த வண்டிக்கு இது ஓவருங்ணா. ஒரிஜினல் இருநூத்தம்பத்தஞ்சே போதும். பெரிசு போட்டா மிச்சப் பெட்ரோல் சுத்திச் சுத்தி டாங்குக்கே திரும்பும், சூடாகும். சத்தம் வேற."

எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன்.  கொஞ்ச நாளாகவே இவன் வேறு வேலைகளை அப்படியே போட்டுவிட்டு டைனோ அறைக் கதவில் வந்து நிற்கிறான். தனியாகப் பட்டறை போட நினைக்கிறானோ என்னவோ. நினைத்தால் சொல்லிவிட்டே போகலாம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. சுகந்தியின் அக்கா வீட்டுக்குப் போனோம். ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் இடித்துவிட்டேன். பின்பக்க சென்சர் வேலை செய்யவில்லை.

"அது கத்திட்டேதான இருந்துது," என்றாள் சுகந்தி. வாக்குவாதம் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

சென்னைப் பம்ப் வந்தது. எடை, இணைப்பு, அச்சு எல்லாம் பார்த்தாயிற்று, அசல். வயரைத் தடிப்பாகப் போட்டு, ரிலேயைத் தனியாக வைத்து மாட்டினோம். இன்ஜின் ஓடியபடி வண்டி சும்மா நிற்கும்போது அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது. ரெகுலேட்டரால் மிச்சப் பெட்ரோலைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அதைச் சரிக்கட்டவே மீதி நாள் போயிற்று.

இன்று மின்சாரம் இரண்டு தடவை போனது.

ஏப்ரல் 22, செவ்வாய்

வண்டியைக் கொடுத்தனுப்பினேன். நானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். அமைதியாக இருக்கிறது. இத்தனை பெரிய பம்ப் இவ்வளவு அமைதியாக ஓடியதை நான் பார்த்ததில்லை. இம்தியாஸிடம் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

டைனோ அடுத்த வாரம்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையிலேயே நிரஞ்சனாவின் போன். பாதி புரியவில்லை, சிக்னல் மோசம். இம்தியாஸிடம் கொடுத்தேன். பம்ப் சத்தம் தாங்க முடியவில்லையாம். அவினாசி ரோட்டில் சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிறாராம்.

வரச் சொல்லி, கூட உட்கார்ந்து போய் வந்தேன். காந்திபுரம் வரை போய்த் திரும்பினோம். ஒரு சத்தமும் இல்லை.

"இதுங்ணா, இதேதான்!" என்று பின்சீட்டைக் காட்டினாள். "நாய் ஊளையிடற மாதிரி இல்லைங்களா?"

இன்ஜின் சத்தமும் டயர் சத்தமும்தான் கேட்டது. அவளுடைய மனத்திருப்திக்காகப் பம்ப்பைச் சுற்றி ரப்பர் வைத்துத் தரலாம் என்று சொன்னேன். பணக்கார வீட்டுப் பெண்களுக்கு ஏசி சத்தம்கூட இரைச்சல்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

ரப்பர் வைத்தோம். குறையவில்லை என்கிறாள். அமைதியான பம்ப்புக்கு எதை வைத்து அடைப்பது?

ஏப்ரல் 30, புதன்

எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் நிரஞ்சனா வந்தாள். கோபமாக இல்லை. போனை மேஜை மேல் வைத்து, "நான் பொய் சொல்றேன்னு நீங்க நெனக்கறீங்க, அதான் ரெக்கார்ட் பண்ணிட்டு வந்தேன்," என்று பொத்தானை அழுத்தினாள். அவள் பேசுவது முதலில் வந்தது. "இப்ப ரெண்டாவது கியர்." பிறகு இன்ஜின் உறுமல். பிறகு நின்றுவிட்டது.

"எங்க?" என்று கேட்டேன்.

"இப்ப ஓடிட்டிருக்குதுங்ணா."

போனைப் பார்த்தேன். திரையில் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சத்தத்தை முழுக்க ஏற்றினாள். பிளக் வாங்க வந்து வெளியே நின்றிருந்த ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

இம்தியாஸிடம், "உனக்குக் கேக்குதா?" என்றேன்.

 தரையைப் பார்த்துக்கொண்டு, "கேக்குதுங்ணா," என்றான்.

நிரஞ்சனா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு, நாளை மறுநாள் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கெட்டிக்காரி.

மே 1, வியாழன்

மே தினம். பட்டறை விடுமுறை. எங்கும் போகவில்லை.

மே 3, சனி

இம்தியாஸை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறையில் வைத்துப் பேச முடியாது.

"எப்ப இருந்து தெரியும்?"

"போன மழைக்கு முன்னாடியே. அந்த ஈரோட்டுக்காரர் வண்டி. நல்லாவே தட்டுச்சு. நீங்க சுத்தமா இருக்குதுன்னீங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"எப்படிங்ணா சொல்றது? காதுன்னாலே வரதண்ணாதான்னு ஊரே சொல்லுது. நான் போயி உங்களுக்குக் கேக்கலைன்னு சொல்லவா?"

"அந்த வண்டி என்னாச்சு?"

டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "நீங்க சாப்பிடப் போனப்ப மறுபடியும் டைனோவுல ஏத்தி ட்யூனைக் கொஞ்சம் குறைச்சு வெச்சேன். அப்புறம் வந்த வண்டியெல்லாம் அப்படித்தான் பாத்துட்டிருக்கேன். அதான் கதவுல நிக்கறது."

என் ட்யூனை எனக்குத் தெரியாமல் மாற்றியிருக்கிறான். ஒரு வருடத்துக்குப் பக்கமாக. அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட்டேன். டீக்குக் காசு அவன்தான் கொடுத்திருப்பான்.

மத்தியானம் வரை தனியாக வேலை பார்த்தேன். அப்புறம் ஒரு கிளட்ச் வேலைக்கு இரண்டு ஆள் கை வேண்டியிருந்தது. பிடித்தான். "அந்த ஸ்பேனர்," என்றேன். கொடுத்தான்.

மே 6, செவ்வாய்

காது பரிசோதனை. கண்ணாடி வைத்த சின்ன அறை, டைனோ அறையைப் போலவே உள்ளே நுரை ஒட்டியிருக்கிறது. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. கருவி நின்றுவிட்டதென்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பரிசோதனை செய்யும் பெண் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

கிராஃப் தந்தார்கள். தாழ்ந்த சத்தங்கள் எல்லாம் நேராக வந்து, மேலே போகப் போகக் கோடு விழுந்துவிடுகிறது. இடது காதில் இன்னும் ஆழம். பெட்ரோல் பற்றாத வண்டியின் கிராஃப் இப்படித்தான் இருக்கும். நாக்கிங் சத்தம் வருகிற இடத்தில் எனக்கு அநேகமாக ஒன்றுமில்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். காதை அடைத்துக்கொள்ள ஏதாவது போடுவதுண்டா என்றார். போட்டால் எப்படிக் கேட்பது என்றேன். எழுதிக்கொண்டார்.

திரும்ப வராதாம். காதுக் கருவி வைக்கலாம், பேச்சு தெளிவாகும். ட்யூனிங்குக்கு உதவுமா என்று கேட்டேன். அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார். ச, ஸ, ட மாதிரி எழுத்துகள் உங்களுக்கு மழுங்கலாகத்தான் கேட்டிருக்கும், சுற்றி இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள் என்றார்.

கருவி ஜூனில் வரும்.

மே 7, புதன்

சுகந்தியிடம் கிராஃபைக் காட்டினேன். சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"ஜனவரில ஒரு விஷயம் சொன்னேன். ஞாபகம் இருக்குதுங்களா?"

"என்ன விஷயம்?"

"பிரமோஷன். திருச்சிக்குப் போகணும்னு. இதே இடத்துல உட்கார்ந்து சொன்னேன். நீங்க தட்டப் பாத்துட்டே 'சரி'ன்னீங்க."

"எனக்குக் கேக்கல."

"இப்பத்தான் தெரியுது. பிப்ரவரில, கார்ல போறப்ப மறுபடியும் சொன்னேன். அப்பவும் 'சரி'தான். நான் எழுதிக் கொடுத்துட்டேன். ஜூன் ஒம்பதாந்தேதி சேரணும்."

எதற்குச் சரி என்று சொன்னேன் என்று எனக்கு நினைவே இல்லை. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் சொல்வது புரியாதபோதெல்லாம் சரி என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டிருக்கிறது.

"நாலு மாசமா நான் என்ன நெனச்சுட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது," என்றாள்.

"என்ன நெனச்ச?"

தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஏதோ சொன்னாள். குழாய் திறந்திருந்தது. கேட்கவில்லை. எழுந்து போய் மறுபடியும் கேட்டிருக்கலாம்.

மே 10, சனி

நிரஞ்சனாவை வரச் சொன்னேன். இம்தியாஸ் வேண்டாம் என்றான். "பம்ப் போலின்னு முடிஞ்சுபோச்சுங்ணா. எதுக்குக் கிளறணும்?"

"ஏப்ரல் நாலாந்தேதி பம்ப் மேல மட்டும் தப்பில்லைங்க," என்று ஆரம்பித்தேன். "தட்டுனது எனக்குக் கேக்கவே இல்லை. இவன்தான் ஓடி வந்து நிறுத்தினான்." காது கிராஃபையும் காட்டினேன்.

அன்றைக்குக் கழற்றிய பிளக்கை அவள் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ட்ராக்ல முழு வேகத்துல போறப்ப இன்ஜின் போயிருந்தா?"

பிளக்கை மேஜை மேல் வைத்தாள்.

"அன்னைக்கு நான் உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னேனுங்ணா. நீங்க வாங்கிட்டீங்க."

சாவியை எடுத்துக்கொண்டு வண்டியோடு போய்விட்டாள். அவள் போகும்போது இம்தியாஸ் காதைப் பொத்திக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான்.

மே 13, செவ்வாய்

நிரஞ்சனா வந்தாள். எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு இடத்துல காட்டினேன். பம்ப்பு என்ன அழுத்தத்துல என்ன தள்ளுதுன்னு ரெண்டு பேருமே கேக்கல. எத்தனை குதிரைத்திறன் வேணும்னுதான் கேக்கறாங்க." உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள். என் முகத்துக்கு நேராக, கொஞ்சம் மெதுவாக. "இங்கயே பண்ணுங்க. ஆனா இம்தியாஸ் அண்ணாதான் காதுல ஹெட்போன் மாட்டணும். சென்சரும் வேணும். ரெண்டுல ஒண்ணு போதும்னு யாரும் சொல்லக்கூடாது."

"இன்னொண்ணு இருக்குதுங்க," என்றேன். "இந்தப் பம்ப் வேண்டாம். பெரிசு. நான்தான் பிடிவாதமாப் போட்டேன். ஒரிஜினல் இருநூத்தம்பத்தஞ்சு போதும்னு இம்தியாஸ் அப்பவே சொன்னான்."

"சத்தம் வராதா?"

இம்தியாஸைப் பார்த்தேன்.

"கொஞ்சம் வரும்," என்றான். "ஊளை இருக்காதுங்க."

மே 16, வெள்ளி

புதுப் பம்ப்பை மாட்டுவதற்கு முன்னால் மேஜை மேலேயே அழுத்தத்தில் ஓடவிட்டோம். நிரஞ்சனா தன் கம்பெனியிலிருந்து அளவுக் கருவியும் இணைப்பும் கொண்டு வந்திருந்தாள். வண்டியில் கிடைக்கிற அதே வோல்ட்டைக் கொடுத்து, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் அளந்தோம். டர்போ முழுவீச்சில் இருக்கும் அழுத்தத்திலும் தேவைக்கு மேல் தள்ளுகிறது. மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

மத்தியானம் நல்ல மழை.

மே 18, ஞாயிறு

டைனோ. செம்புக் குழாயை நான் திருகினேன். ஹெட்போனை இம்தியாஸிடம் கொடுத்தேன். அவன் வாங்கத் தயங்கினான்.

"மாட்டு," என்றேன்.

ஓட்டுநர் இருக்கையில் அவன் உட்கார, நான் திரையைப் பார்த்துக்கொண்டு அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். பெட்ரோல் அழுத்தம் ஒரு கோடு, கலவை ஒரு கோடு. அழுத்தக்கோடு கடைசி வரை அசையவில்லை. ஐந்தாவது ஓட்டத்தில் அவன் கையைத் தூக்கினான். திரையில் எல்லாமே ஒழுங்காக இருந்தது. முன்பு போல இருந்திருந்தால் பயப்படுகிறாய் என்று சொல்லியிருப்பேன். நிறுத்தச் சொல்லி, தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். அடுத்த ஓட்டத்தில் கட்டைவிரலை உயர்த்தினான். பிளக் சுத்தம்.

நான் செய்திருந்தால் இதைவிடப் பத்துக் குதிரை கூடுதலாக வைத்திருப்பேன். நிரஞ்சனாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மே 21, புதன்

சுகந்தி வங்கியிலிருந்து வரும் வழியில் பயணப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். பெரியது, நீலம். எந்த அறையில் வைப்பது என்று கேட்டாள். ஹாலிலேயே இருக்கட்டும் என்றேன்.

மே 25, ஞாயிறு

செட்டிபாளையம். வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே கூட்டம். சுகந்தியும் வந்தாள். இத்தனை வருடத்தில் ட்ராக்குக்கு அவள் வந்தது இதுதான் முதல் முறை. குடையை விரித்துக்கொண்டு டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நிரஞ்சனா முதல் சுற்றுகளை மெதுவாக ஓட்டினாள். அப்புறம் வேகம் பிடித்தாள். வண்டி கண்ணுக்கு முன்னால் போகும்போது எனக்கு அடிவயிற்றில் உறுமல் மட்டும் வந்தது. மற்றதையெல்லாம் இம்தியாஸின் முகத்தில்தான் பார்த்தேன். அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை வண்டி கடந்த பிறகும் மூச்சை விட்டான்.

அவள் பிரிவில் நான்காவது இடம். இறங்கியதும் ஹெல்மெட்டோடு நேராக இம்தியாஸிடம் போனாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். கடைசி நேர்க்கோட்டில் வண்டி கொஞ்சமும் திணறவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகுதான் என் பக்கம் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "பெட்ரோல் பத்தாம போகலைங்ணா," என்றாள். அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து வந்திருந்த ஒருவர் என்னிடம் வந்தார். "காதை வெச்சே ட்யூன் பண்ணுவீங்களாமே?"

"அது முன்னாடிங்க. இப்ப அவரு," என்று இம்தியாஸைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனார். நான் டூல்ஸ் பெட்டியைக் கட்டினேன்.

மே 26, திங்கள்

பட்டறைக்கு மத்தியானம்தான் போகப் போகிறேன் என்று இம்தியாஸுக்குச் செய்தி அனுப்பினேன். சுகந்தியும் பாதி நாள் விடுப்பு எடுத்திருந்தாள், துணி அடுக்க.

நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டேன். வலது காது அவள் பக்கம் இருக்கிற மாதிரி. ஃபேனை நிறுத்தினேன். அவள் கையில் இருந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்குக் கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனக்கற?"

"போக வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா."

"எனக்கும் தெரியும். அதனாலதான் சரின்னு சொன்னப்ப..." சேலையின் ஓரத்தை நீவினாள். "மொதல்ல சந்தோஷமா இருந்துது. அப்புறம் நான் இல்லைன்னா இவருக்கு ஒண்ணுமே இல்லையான்னு இருந்துது. ரெண்டும்தான்."

"இப்ப ஆர்டரை மாத்தச் சொல்லிக் கேக்கலாமா?"

"கேக்கலாம். உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுத்தா மாத்துவாங்க. உங்க காதையே காட்டலாம்."

அதை அவள் முன்பே யோசித்து வைத்திருக்கிறாள். நான் கேட்டால் செய்துவிடுவாள் என்றும் தெரிந்தது. அவள் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"உனக்குப் போகணுமா, சுகந்தி?"

சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"போகணும்."

ஒரே தடவையில் கேட்டது.